பேரிங்கும் மருமகனும்

என்ன மருமகனே, காலையில ஸ்டோர் பக்கம் கேட்ட சத்தத்துல, மாசி வந்துருச்சு, காமன் கூத்துக்குத் தப்படிக்கிறாங்கன்னு உங்க அத்தை கிளம்பிட்டா. நான்தான் உட்கார வச்சேன். கொழுந்து வாட்டுற ஃபேன்ல நம்ம மாப்பிள்ளை பேரிங் கழட்டுறாரு, கூத்து அங்கதான் நடக்குதுன்னு சொன்னேன்.

அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சொன்ன பெரியவர் பேரிங் கழட்டுனதில்ல. சாப்ட்டைக் கவ்விக்கிட்டு இருக்கிறது உள்வளையம். நீங்க சாத்துறது வெளிவளையத்தை. அந்த அடியெல்லாம் நடுவுல கிடக்கிற குண்டு வழியாத்தான் போகும். குண்டு ஓடுற தடம் பள்ளமாயிரும். அப்படிக் கழட்டுன பேரிங்கைத் துடைச்சுத் திரும்ப மாட்டிராதீங்க, நைட் ஷிப்டுல ஒப்பாரி வைக்கும். புல்லர் ஆணியில பத்திரமாத் தொங்குதாமே? கும்பிட்டது போதும், எறக்கி உள்வளையத்துல கொக்கியை மாட்டுங்க.

அதுக்கு முந்தி டார்ச் அடிச்சுப் பாருங்க. சர்க்கிளிப்பை எடுத்தாச்சா? காலர் ஸ்குரூவைத் தளர்த்தியாச்சா? ஸ்குரூ கடிச்ச எடத்துல சாப்ட் பிசிறு எழும்பியிருக்கும், அதை அரத்தால ராவிவிடணும். இங்க நாள் முழுக்க ஈரக்காத்து, துரு ஏறாம இருக்குமா? எண்ணெய் விட்டு ராத்திரி ஊறப் போடுங்க. நீங்களும் போய்த் தூங்குங்க, ஊருக்கும் நிம்மதி.

அப்பவும் வரலைன்னா சூடு. 6308 பேரிங்குக்கு ஓட்டை 40 மில்லிமீட்டர். 80 டிகிரி சூடு கூடுனா அது 0.04 மில்லிமீட்டர்தான் விரியும். பிடிப்பே அதுக்குள்ளதான், அது போதும். ஆனா மசமசன்னு நின்னா சாப்ட்டும் சூடாகிச் சேர்ந்து பருத்துக்கும். சுத்தி டீத்தூள் பஞ்சு கிடக்கிறப்ப காஸ் கட்டரைக் கொளுத்துறதா இருந்தா, என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.

ஸ்வீடன்ல ஸ்வென் விங்க்விஸ்ட்னு ஒரு இன்ஜினியர். அவர் வேலை பார்த்த நூல் மில்லுல சாப்ட் நேர் தவறி அடிக்கடி பேரிங் போச்சு. அவர் பெரிய சுத்தியல் கேட்கல. ஏன் போகுதுன்னு பார்த்து, சாப்ட் கொஞ்சம் சாய்ஞ்சாலும் தாங்குற ரெட்டை வரிசைப் பேரிங்கை 1907ல செஞ்சுட்டாரு. நீங்களும் புதுசை மாட்டுறதுக்கு முந்தி சாப்ட் நேரா இருக்கான்னு பாருங்க.

ஒண்ணும் பலிக்கலைன்னா கிரைண்டரால வெட்டுங்க. உள்வளையத்தை முக்கால்வாசி வெட்டிட்டு, மிச்சத்தை உளியால பிளக்கணும். சாப்ட்டுல கீறல் விழக்கூடாது. பேரிங் ஹட்டன் கடையில வாங்கிக்கலாம், சாப்ட் கெட்டா லேத்துக்குத் தூக்கிட்டு அலையணும், கொழுந்து அதுவரைக்கும் காத்திருக்காது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கங்க.