எண்ணெய்க்கு யார் கணக்கு?

கலோரி எண்ணிச் சாப்பிடக் கிளம்பியவருக்கு முதல் வாரம் ராஜயோகம். எடை மளமளவென்று இறங்கும். இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். உடம்பில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து, கிராமுக்குச் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது செலவானால் நீரும் போகும். இதை அந்த வாரம் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், பாராட்டு நின்றுவிடும்.

அடுத்து இட்லிமேல் சந்தேகம் வரும். ஆவியில் வெந்த அப்பிராணி அது. குற்றவாளியோ பக்கத்திலேயே, மிளகாய்ப்பொடி நடுவே குழி வெட்டி உட்கார்ந்திருக்கிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் சுமார் 120. நம் வீடுகளில் எண்ணெயைக் கரண்டியால் அளந்தவர் யார்? கை போன போக்குதான் அளவு.

பசியைக்கூடச் சமாளிக்கலாம், அத்தைகளை முடியாது. "என்னடா இப்படி இளைச்சுப் போயிட்டே, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்று கேட்கும்போதே இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விழுந்திருக்கும். விருந்தில் தின்றது, நின்றபடி தின்றது, குழந்தை மிச்சம் வைத்தது எதுவும் கணக்கில் ஏறாது என்பது எழுதாத சட்டம். கலோரி எண்ணச் சொல்லி 1918இல் புத்தகம் போட்டு அமோகமாக விற்ற அமெரிக்க மருத்துவர் லுலு ஹன்ட் பீட்டர்ஸுக்கு இப்படிப்பட்ட அத்தைகள் இருந்திருக்க மாட்டார்கள்.

சில மாதங்களில் எடை அப்படியே நின்றுவிடும். இளைத்த உடம்புக்குச் செலவும் குறைவு. முன்பு போதாமலிருந்த சாப்பாடு இப்போது சரியாகப் போதும். அந்தக் கட்டத்தில்தான் பலர் எடை மெஷினை மாற்றுகிறார்கள்.