காய்ச்சல் பன்றிக்கு, நடுக்கம் பர்ஸுக்கு

கேள்வி: 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் மடிந்தன. இந்த நோய் வந்தால் கறி விலை ஏறுமா, இறங்குமா?
– குன்னூர் வாசகர்

பதில்: முதலில் இறங்கும், பிறகு ஊட்டிக்கே ஏறும்! இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பயம் தொற்றிவிடுமே. கடையில் கறி தொங்கும், வாங்கத்தான் ஆள் இருக்காது. பண்ணையில் நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பன்றிகளையெல்லாம் கொன்று புதைப்பார்கள். 2022 ஜூலையில் பக்கத்து வயநாடு, மானந்தவாடியில் பண்ணைப் பன்றிகளுக்கு நேர்ந்த கதி அதுதான். பிறகு பயம் தெளிந்து பை தூக்கி வந்தால் கறி இருக்காது. சினையிலிருந்து சந்தைக்கு வர ஏறக்குறைய ஓராண்டு ஆகுமே! சீனாவில் 2018-இல் நோய் நுழைந்தது; 2019 முடிவதற்குள் விலை இரட்டிப்பு. வளர்ப்பவர்களே, நோய் வராமலிருக்க ஓட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்க வைக்காமல் பன்றிக்குப் போடாதீர்கள்.