பாஸ்டரம்மா

எந்தச் சபைக்கும் நியமனம் ஆகிறவர் பாஸ்டர் ஒருவர்தான். உத்தரவில் அவர் பெயர் மட்டும் இருக்கும். சம்பளமும் ஒன்றுதான். ஆனால் மே மாத வெயிலில் லாரியிலிருந்து கட்டிலும் பீரோவும் இறங்குகிற அன்றே, வேலைக்கு வந்திருப்பவர்கள் இரண்டு பேர் என்று சபையார் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டாவது ஆளின் சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் இருக்கிறது. டீச்சராகப் போகிற பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பாஸ்டரம்மா. அவரும் சளைத்தவரல்ல, கட்டின புருஷனைப் பெயர் சொல்லியோ 'அவர்' என்றோ பிறர் முன்னால் சொல்லமாட்டார். கதவைத் தட்டினால், "ஐயா குளிக்கிறாங்க, உட்காருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஐயா பெரும்பாலும் குளித்துக்கொண்டிருக்க மாட்டார். பிரசங்கம் எழுத உட்கார்ந்து அப்படியே தூங்கிப்போயிருப்பார்.

எங்கள் தெருக்கோடியில் லுத்தரன் சபையின் பாஸ்டர் குடியிருக்கிற குருமனை இருப்பதால் இந்த இனத்தைக் கிட்டத்தில் பார்க்கிற பாக்கியம் எனக்கு உண்டு. பாஸ்டர்கள் மாற்றலாகிப் போகிறார்கள், பாஸ்டரம்மாக்களும் போகிறார்கள், டிசம்பர் மட்டும் அதே டிசம்பர். ஆகவே இங்கே வருகிற பாஸ்டரம்மா ஒருவரல்லர். பலரைச் சேர்த்துப் பிசைந்தவர்.

நாகர்கோவில் பாஸ்டரம்மாவுக்கு டிசம்பரில் ஊரே துணைக்கு நிற்கும். தெருவுக்குத் தெரு ஸ்டார், கடைக்குக் கடை கேக். எங்கள் திருவண்ணாமலையில் ஊர் அண்ணாமலையாருடையது. கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவே விழும். கார்த்திகை தீபமும் பல வருஷம் அதன் தோளில் இடித்துக்கொண்டு வந்து நிற்கும். 2023இல் நவம்பர் 26 தீபம், டிசம்பர் 3 அட்வெந்து. 2025இல் நவம்பர் 30 அட்வெந்து, டிசம்பர் 3 தீபம். 2,668 அடி மலையுச்சியில் ஏற்றுகிற தீபத்தைப் பார்க்க லட்சக்கணக்கில் வருகிற ஜனங்களில் நாலைந்து குடும்பத்துக்காவது பாஸ்டரம்மாவைத் தெரிந்திருக்கும். தம்பியோடு வேலை பார்க்கிறவர், கூடப் படித்தவளின் நாத்தனார், போன சபையில் பால் ஊற்றினவர். "சர்ச்சு காம்பவுண்டு பெருசாமே, வண்டிய உள்ள உட்டுக்கலாமாக்கா?" வண்டி உள்ளே வந்தால் ஆளும் வருவார். ஆள் வந்தால் பாத்ரூம் கேட்பார். பாத்ரூம் போய்விட்டு வந்தவருக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? அட்வெந்து என்பது காத்திருப்பின் காலம் என்று ஐயா அந்த வாரம் பிரசங்கம் செய்கிறார். சொந்த வீட்டுப் பாத்ரூம் வாசலில் துண்டோடு நிற்கிற பாஸ்டரம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

டிசம்பர் முதல் தேதி மொட்டைமாடியில் மூங்கில் கட்டி ஸ்டார் ஏற்ற வேண்டும். மலையடிவாரத்துக் குரங்குகளும் அந்தத் தேதியை அறியும். மூன்றாம் தேதிக்குள் ஐந்து முனையில் இரண்டைக் கிழித்துவிடும். "மூணு முனை போதும், திரித்துவம்" என்று ஐயா சமாளிப்பார். சபைக் கணக்கில் ஸ்டார் செலவு ஏற்கெனவே எழுதியாகிவிட்டதால் இரண்டாவது ஸ்டார் பாஸ்டரம்மாவின் பர்சிலிருந்துதான் வரும்.

இதற்குள் பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பேப்பர் கட்டு ஒரு பக்கம், முறுக்கு மாவு மறுபக்கம். பேப்பரில் எண்ணெய் பட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு மார்க் கூடப் போட்டுவிடுவார், மனசாட்சி இருக்கிறதே.

பாத்திரக் கணக்கு என்று ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் குருமனையைப் பற்றிச் சொல்ல முடியாது. தீபாவளிக்கு அக்கம்பக்கத்திலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்த தூக்கு, சம்படம், எவர்சில்வர் டப்பா. கார்த்திகைக்குப் பொரி உருண்டை வந்த டப்பா. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் ஊரில் கிடையாது. போட்டுக் கொடுக்க இவர்களுக்குப் பண்டிகை வருவதோ டிசம்பர் 25இல். ஆக, இரண்டு மாத காலம் தெருவின் பாத்திரமெல்லாம் குருமனைப் பரணில் தங்கியிருக்கும். எங்கள் வீட்டில் ரசம் வைக்கிற பாத்திரம் காணாமல் போனால் நாங்கள் தேடுவதில்லை. கிறிஸ்மஸுக்கு வந்துவிடும். எது யாருடையது என்று பிரிப்பதுதான் பெரும்பாடு. பெயர் வெட்டியிருக்கிறதே என்று பார்த்தால் அது அந்த வீட்டு மருமகளுக்குச் சீர் கொடுத்த தாத்தாவின் பெயராக இருக்கும்.

அடுத்த சிக்கல் முட்டை. தெருவில் பாதி சைவ வீடுகள். அதனால் பலகாரம் மூன்று ரகமாகப் பிரியும்: முட்டை போட்ட கேக் ஒரு ரகம், முட்டை போடாத கேக் இரண்டாவது, கேக் என்ற பேச்சே வேண்டாம் என்பவர்களுக்குக் கல்கல்லும் ரவாலட்டும் மூன்றாவது. எதிர் வீட்டு மாமியின் வாசலில் நின்று, "இதுல முட்டை இல்ல மாமி" என்று பாஸ்டரம்மா சொல்வார். "நீ சொன்னா சரிடியம்மா" என்று மாமி வாங்கிக்கொள்வார். மாமியின் பேரன் சாயங்காலம் காம்பவுண்டுக்கு கிரிக்கெட் ஆட வந்து முட்டை கேக்கில் இரண்டு துண்டு தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போவான். அந்த ரகசியத்தைக் காப்பதும் ஊழியத்தில் சேர்ந்ததுதான்.

கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கினால் ராத்திரி என்று ஒன்று கிடையாது. மினி லாரியில் ட்ரம், கிடார், வேர்த்து வழிகிற கிறிஸ்மஸ் தாத்தா. வீட்டுக்கு வீடு பாட்டு, ஜெபம், பிஸ்கட், டீ. பாஸ்டரம்மா போகாவிட்டால் "அம்மா வரலையா?" என்பார்கள். போனால் "பிள்ளைங்கள யாரு பாத்துக்கறா?" என்பார்கள். போகாமல் கேட்டுக்கொள்வதைவிடப் போய்க் கேட்டுக்கொள்வது மேல் என்று போய்விடுவார். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடும். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இந்த ஊரில்தான் என்பது மரபு. எனவே இங்கே மார்கழி விடியற்காலைக்கு மதிப்பு அதிகம். கேரல் கோஷ்டி கடைசி வீட்டை முடித்துக்கொண்டு திரும்புகிற நேரமும் பஜனைக் கோஷ்டி புறப்படுகிற நேரமும் ஒன்றாகிவிடும். தெருமுனையில் இந்தப் பக்கம் ட்ரம், அந்தப் பக்கம் ஜால்ரா. இரண்டு பக்கமும் தோளில் தூங்குகிற பிள்ளைகள். இரண்டு கோஷ்டிக்கும் டீக்கடை ஒன்றுதான். நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பையன் பஜனை வரிசையிலிருந்து நழுவி வந்து கேட்பான்: "டீச்சர், பேப்பர் திருத்திட்டீங்களா?"

இனி சேலை. டிசம்பரில் பாஸ்டர் குடும்பத்துக்குத் தட்டில் துணி வைத்துக் கொடுப்பது சபை வழக்கம். ஐயாவுக்கு இதில் தொல்லையே இல்லை. மேலே வெள்ளை அங்கி; உள்ளே போட்டிருப்பது யார் கொடுத்த சட்டை என்பது கர்த்தருக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்கு உடம்பு ஒன்று, சேலை ஐந்து. பெண்கள் ஐக்கிய சங்கம் கொடுத்தது ஒன்று. பொருளாளர் வீட்டில் கொடுத்த ஆரணிப் பட்டு ஒன்று. பொருளாளரோடு பேச்சுவார்த்தை இல்லாத செயலாளர் வீட்டில், அந்தப் பட்டின் விலையை விசாரித்துவிட்டு வாங்கினது ஒன்று. துபாயிலிருந்து வந்த குடும்பம் கொடுத்த, மணி ஒட்டிய, உட்கார்ந்தால் குத்துகிற சேலை ஒன்று. பெற்ற தாய் அனுப்பியது ஒன்று. கொடுத்தவர்கள் எல்லோரும் 25ஆம் தேதி விடியற்காலை ஆராதனையில் முன்வரிசையில் உட்காருவார்கள். ஐயா பீடத்தைப் பார்ப்பார். முன்வரிசை பாஸ்டரம்மாவைப் பார்க்கும்.

இந்த இடத்தில்தான் அவருடைய மூளையைப் பார்க்க வேண்டும். வெளியுறவுத்துறையில் இருந்திருக்க வேண்டியவர். 24ஆம் தேதி ராத்திரி மெழுகுவர்த்தி ஆராதனைக்குத் துபாய் சேலை. அந்த வெளிச்சத்தில் மணி மின்னும், கொடுத்தவர்களுக்குத் திருப்தி. 25ஆம் தேதிக்குச் சங்கத்துச் சேலை. அதில் நாற்பது பெண்களின் காசு இருக்கிறது, நாற்பது பேரை யாரும் தனியாகப் பகைத்துக்கொள்ள மாட்டார்கள். பொருளாளர் வீட்டம்மா வாசலில் மடக்கி, "ஏம்மா, நம்ம சேல பிடிக்கலியா?" என்று கேட்டால், "புது வருஷத்துக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்க்கா, வருஷம் பூரா நல்லா இருக்கணும்ல" என்பார். இதையே ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் செயலாளர் வீட்டம்மாவிடமும் சொல்லியிருப்பார். பொய்யா? இல்லை. 31ஆம் தேதி ராத்திரி ஆராதனை பன்னிரண்டு மணியைத் தாண்டும். அதற்குக் கட்டுகிற செயலாளர் வீட்டுச் சேலையிலும் புது வருஷம் பிறந்துவிடும். ஜனவரி முதல் தேதி காலைக்கு ஆரணிப் பட்டு. தாய் கொடுத்த சேலைக்கு மட்டும் முறையே வராது. அடுத்த மே மாதம் லாரியில் ஏறும்போதும் அது மடிப்புக் கலையாமல் இருக்கும்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்தில் பாஸ்டர் மகளுக்கு மரியாள் வேஷம் கிடைக்காது. கொடுத்தால் கமிட்டியில் பேச்சு வரும். தேவதூதனும் ஆகாது, அதற்கு வசனம் அதிகம். ஆண்டுதோறும் அவள் ஆடு. சபை மாறினாலும் ஆடுதான்.

வெளிநாட்டுக்காரர்களையும் சொல்லியாக வேண்டும். மழை ஓய்ந்து குளிர் தொடங்கினதும் ரமணாசிரமத்தைத் தேடி அவர்கள் வருகிற காலம் இது. 1879 டிசம்பர் 30இல் பிறந்த ரமணரின் ஜயந்தியும் மார்கழிப் புனர்பூசத்தை ஒட்டி வரும். எத்தனை மாதம் கண்ணை மூடி உட்கார்ந்தாலும் டிசம்பர் 24 வந்தால் அவர்களில் சிலருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. சர்ச்சைத் தேடி வருவார்கள். கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார இடம் கிடைக்குமா என்று ஓர் அம்மாள் கேட்டார். அன்று குருமனையில் அமைதியான இடம் ஃப்ரிட்ஜுக்குள் மட்டும்தான் இருந்தது. பாஸ்டரம்மா அவரைச் சமையலறையில் உட்கார்த்தி, கையில் ஒரு முள்கரண்டியும் பிசைந்த மைதாவும் கொடுத்து, கல்கல் உருட்டக் காட்டிக்கொடுத்தார். இரண்டு மணி நேரம் அவர் வாயே திறக்கவில்லை. மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று கிலோ மாவும் தீர்ந்தது. 'நான் யார்' விசாரணைக்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது போலும்.

பாஸ்டரம்மாக்கள் குலத்துக்கு ஒரு மூதாய் உண்டு. இந்தப் பக்கம் லுத்தரன் சபையைக் கொண்டுவந்தவர்கள் டென்மார்க் மிஷனரிகள். ஊரின் டேனிஷ் மிஷன் பள்ளி அதற்குச் சாட்சி. சபைக்குத் தன் பெயரைக் கொடுத்த மார்ட்டின் லுத்தர், சந்நியாசத்தை விட்டு, கன்னியர் மடத்திலிருந்து வெளியேறியிருந்த காத்தரீனாவை 1525 ஜூன் 13 அன்று கல்யாணம் செய்துகொண்டார். விட்டன்பெர்கில் அவர்கள் குடியிருந்தது ஒரு பழைய மடம். காத்தரீனா அதில் மாணவர்களைக் குடிவைத்து வாடகை வாங்கினார், தோட்டம் போட்டார், பன்றி வளர்த்தார், பீர் காய்ச்சினார். சாப்பாட்டு மேசையில் லுத்தர் பேசப் பேச, சுற்றி உட்கார்ந்திருந்த மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அது 'மேசைப் பேச்சு' என்று 1566இல் புத்தகமாகவும் வந்தது. அந்த மேசைக்குச் சாப்பாடு எப்படி வந்தது என்று எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருக் குருமனையிலும் ஐயாவின் பிரசங்கத்தை யாராவது போனில் பதிவுசெய்து குழுவில் போடுகிறார்கள். பின்னணியில் குக்கர் விசில் கேட்டால் அந்த இடத்தை வெட்டிவிடுகிறார்கள்.

பெரிய சோதனை 2015இல் வந்தது. அந்த வருஷம் கிறிஸ்மஸும் பௌர்ணமியும் ஒரே நாளில் விழுந்தன. 24 ராத்திரி முழுக்க 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜனவெள்ளம். சபையார் பலருக்கு வண்டி வர வழியில்லை, நடந்துதான் வந்தார்கள். விடியற்காலை ஆராதனைக்கு விளக்குப் போட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து, கால் ஓய்ந்த கிரிவலக்காரர்கள் சிலர் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று தெருவில் இன்றும் சொல்வார்கள். கூட்டத்தைக் கண்ட சந்தோஷத்தில் ஐயா பிரசங்கத்தை நீட்டியதாகவும், பாஸ்டரம்மா கூடுதலாக ஒரு அண்டா டீ போட்டதாகவும் கேள்வி. கிராமத்துச் சபையிலிருந்து, "ஐயா கீறாரா? மதியம் நம்மூரு பண்டிகைக்கு எத்தினி மணிக்கு வருவாரு?" என்று ஒரு பெரியவர் ஐந்தரை மணிக்கே வந்து நின்றாராம். கிறிஸ்மஸ் அன்று மறுபடி பௌர்ணமி வருவது 2034இல். அதற்குள் இங்கே எத்தனை பாஸ்டரம்மாக்கள் வந்துபோவார்களோ, வருகிறவர் அண்டாவைத் துலக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வருஷம் குருமனைக்கு வாழ்த்துச் சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். 25ஆம் தேதி காலையில் போகாதீர்கள்; 27க்கு மேல் போங்கள். "பிரியாணி இல்லையா?" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். கேக் கொண்டுபோகவே வேண்டாம். அந்த வீட்டில் கேக் தின்ன ஆள் இல்லாமல் ஆட்டு வேஷக்காரிகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். காரமாக ஏதாவது கொண்டுபோங்கள். அதையும் டப்பாவில் அல்ல, காகிதப் பையில்.