செண்டு பூசுற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, கால்வின் கிளைன் செண்டு வாங்கியிருக்கியாமே. நல்லது. சம்பாதிக்கிற பய, பூசிக்கோ. ஆனா ‘அமெரிக்கா டிசைனரு தன் கையால காய்ச்சுனது’ன்னு உங்கப்பன் தெருத்தெருவாச் சொல்லிட்டுத் திரியுதான். அதை மட்டும் நிப்பாட்டச் சொல்லு. அந்த மனுசன் செண்டு காய்ச்சுனவரு இல்ல, கோட்டு தச்சு வித்தவரு.

1942-ல நியூயார்க் பிராங்க்ஸ்ல பொறந்தவரு. 1968-ல சேக்காளி பேரி ஸ்வார்ட்ஸ் குடுத்த 10,000 டாலரை வச்சு, ஓட்டல்ல ஒரு ரூம் எடுத்து, பொம்பளையாளுக கோட்டைத் தொங்கவிட்டு உக்காந்தாரு. பெரிய ஜவுளிக்கடை அதிகாரி ஒருத்தரு லிப்டுல மாடி மாறி எறங்கி, கோட்டைப் பாத்து மயங்கி ஆர்டர் குடுத்தாருன்னு சொல்லுவாக. நெசமோ என்னமோ. கம்பெனிக்காரன் சொல்லுத கதையில லிப்டு எப்பவும் சரியான மாடியிலதான் தப்பா நிக்கும்.

பொறவு ஜீன்ஸ் வந்துச்சு, ஜட்டி வந்துச்சு. ஜட்டிப் பட்டியில பேரை எழுதி, அது வெளிய தெரியுத மாதிரி ஒரு தலைமுறையையே நடக்கவிட்ட கெட்டிக்காரரு. அவரு தச்ச கவுனை வாங்க எத்தனை பேருக்கு வக்கிருக்கும்? ஆனா அந்தப் பேரு எல்லாருக்கும் வேணும். அதுக்குத்தாம்லே செண்டு. பேரை வேற கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுட்டா காய்ச்சுதது, அடைக்கிறது, விக்கிறது எல்லாம் அவன் பாடு. அப்படித்தான் 1989-ல சோப்புக்கார யூனிலீவர் கைக்குப் போச்சு. அங்கேருந்து 2005-ல கோட்டின்னு ஒரு கம்பெனிக்கு. அது கம்பெனி பேருதாம்லே, நான் உன்னைச் சொல்லல.

சரக்கு மாறுன கதையைக் கேளு. 1985-ல அப்செஷன். ஆம்பர், வெனிலா, மசாலா எல்லாத்தையும் கொட்டிக் கலந்தது. பூசுன ஆளு தெருமுக்குல வரும்போதே வாசம் முன்னால வந்து திண்ணையில உக்காந்துரும். துணி விக்கிறவரு குடுத்த விளம்பரம், அதுல இருந்தவுக மேல பொட்டுத் துணி கெடையாது. அன்னிக்கு அமெரிக்காவுல தோள்ல பஞ்சு வச்ச கோட்டும் கை நெறைய துட்டுமா அலைஞ்ச காலம். வந்தது நாந்தான்னு வாசமே சொல்லணும்.

மூணே வருசத்துல காத்து மாறிச்சு. எய்ட்ஸ் பயம் ஊரைப் புடிச்சிருந்த நேரம், எல்லாருக்கும் குடும்பம் ஞாபகத்துக்கு வந்துச்சு. நம்ம ஆளும் 1986-ல கெல்லி ரெக்டர்ங்கிற பிள்ளையைக் கட்டுனாரு. வின்சர் கோமகள் போட்டிருந்த மோதிரத்தை ஏலத்துல எடுத்து அவளுக்குப் போட்டாரு. அந்த மோதிரத்தை வச்சுத்தான் 1988-ல எட்டர்னிட்டி. காலகாலத்துக்கும்னு அர்த்தம். பூ வாசம், கடக்கரை, கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒரு சோடி. 1996-ல ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டாக. செண்டு இன்னும் விக்குது. உன் சேக்காளி கல்யாணத்துக்கு அதைக் குடுக்கிறதா இருந்தா டப்பாவை மட்டும் குடு, கதையைச் சொல்லாத.

நீ வாங்குன சிகே ஒன் 1994-ல வந்தது. இதுலதான் அவுக மூளை நல்லா வேலை செஞ்சிருக்கு. அல்பெர்தோ மொரியாஸ், ஹாரி ஃப்ரமான்னு ரெண்டு பேரு கலக்குனது. எலுமிச்ச வகை, பச்சைத் தேயிலை, அடியில லேசாக் கஸ்தூரி. திருகு மூடி போட்ட பனிக்கண்ணாடிப் பாட்டிலு, சாராயக் குப்பி சாடையில இருக்கும். ஆம்பளைக்குன்னும் இல்ல, பொம்பளைக்குன்னும் இல்ல. பெரிய கடைக் கண்ணாடிப் பெட்டியில மட்டும் வைக்காம பாட்டு கேசட் விக்கிற கடையிலயும் வச்சானுக, ஏன்னா சின்னப் பயலுக துட்டு அங்கதான் இருந்துச்சு. விளம்பரத்துல சோறு கண்டு நாளான மாதிரி கொஞ்சம் பேரு வரிசையா நின்னு மொறைப்பாக. ஊரைக் கூட்டுன வாசம் போயி, இப்பத்தான் குளிச்சிட்டு வந்த மாதிரி ஒரு வாசம். குளிச்சாலே அது வரும், அதுக்கு எந்திரிக்கணும் பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே வாசம்னு ஊரெல்லாம் அதிசயப்பட்டாகளாம். நம்ம கல்யாண வீட்டு வாசல்ல சந்தனக் கிண்ணம் நீட்டும்போது யாரு ஆணா பெண்ணான்னு கேட்டா? ஆனாலும் குடுத்த காசுக்கு நாயமான சரக்கு அதுதான், அதை நானும் ஒத்துக்கிடுதேன்.

அதுக்குப் பெறகு வந்ததை நான் பெருசா எண்ணுததில்ல. 1996-ல சிகே பீ, 2005-ல மாதுளம்பழ வாசத்துல யூபோரியா, 2020-ல சிகே எவ்ரிஒன். 2003-லயே கம்பெனியை பிலிப்ஸ் வான் ஹூசனுக்கு வித்துட்டாரு. பேரு மட்டும் பாட்டில்ல நிக்குது. அதனால என்ன? பழைய சரக்கெல்லாம் இப்பத் தள்ளுபடியில கெடைக்குது. வெலை கொறைஞ்சதுக்காக வாசம் கொறையாது, கௌரவந்தான் கொறையும். கௌரவத்தை மூக்கு கண்டுபிடிக்காது.

கடையில மூடியை மோந்து பாத்துத் துட்டை நீட்டாத. மணிக்கட்டுல ஒரு வாட்டி அடி. தேய்க்காத. வெளிய போயி டீ குடிச்சிட்டு வந்து மோந்து பாரு. மொதல்ல மூக்குல ஏறுத எலுமிச்ச வாசம் கொஞ்ச நேரத்துல ஓடிப்போயிரும், மிச்சம் நிக்கிறது கூடத்தான் நீ நாள்பூரா குடும்பம் நடத்தணும். நம்ம வெயிலுக்கு சிகே ஒன் மதியம் வரைக்கும் தாக்குப்பிடிச்சா அதிசயம். அதுக்காகக் காலையிலயே பாதிப் பாட்டிலைக் கவுத்தாத. டவுன் பஸ்ஸுல உன் பக்கத்துல உக்காருதவன் ஒரு பாவமும் பண்ணல.

அடுத்தது ஆம்பளை அப்செஷன் வாங்கப் போறேன்னியாம். அதுல ஒரு வில்லங்கம் இருக்கு. அதே பிராங்க்ஸ்ல இருக்கிற மிருகக்காட்சி சாலையில 2003-ல 24 செண்டைத் தெளிச்சு சிவிங்கிப்புலிகளை மோந்து பாக்க விட்டாக. ஜெயிச்சது அப்செஷன் பார் மென். சராசரியா 11 நிமிசம் அதையே மோந்துகிட்டு, கன்னத்தைத் தேய்ச்சுக்கிட்டு நின்னிருக்கு. காரணம், அதுல இருக்கிற புனுகு வாசம். அது இப்போ பூனைகிட்ட வழிச்சதில்ல, ஆய்வுக்கூடத்துச் சரக்கு. பொறவு குவாத்தமாலாக் காட்டுல ஜாகுவாரை கேமரா முன்னால வரவைக்க இதைத் தெளிச்சாக. 2018-ல மகாராஷ்டிரா யவத்மால்ல ஆளைக் கொல்லுதுன்னு அவ்னிங்கிற பெண்புலியைத் தேடுனப்பவும் இதே செண்டைக் கொண்டு போனாக. நவம்பர்ல அதைச் சுட்டுட்டாக, பாவம்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையன் கோயிலுக்கு எங்ககூட வருவேல்ல? அது முண்டந்துறைப் புலிக்காடு. அன்னிக்கு அந்தப் பாட்டிலை வீட்டுலயே வச்சிட்டு வா. புலிக்காகச் சொல்லல. அது 11 நிமிசம் உன்னை மோந்து முடிக்கிறதுக்குள்ள கடைசி பஸ்ஸு போயிரும்லே.