சிஸ்டருக்கு ஒரு துப்பாக்கி

அனுப்புநர்:
ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி, இரவுப் பணி, திருத்தணி வட்டாரம். (ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் அடிக்க மட்டுமே அது உதவும்.)

பெறுநர்:
மக்கள் நல்வாழ்வுத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: செவிலியர்கள் ஆயுதம் மறைத்து வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 2008-ஆம் ஆண்டின் 48-ஆவது தமிழ்நாடு சட்டம் (சுவரில் ஒட்டியது, பாதி கிழிந்தது).

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

அமெரிக்காவில் நர்ஸ்கள் கைப்பைக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று வாதாடுகிறார்களாம். டியூட்டி முடிந்து இருட்டில் கார் நிறுத்திய இடம் வரை நடக்கப் பயமாம். எங்களுக்குக் கார் இல்லாததால் அந்தப் பயம் மிச்சம். பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிற பயம் மட்டும்தான்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? விசாரித்தேன். நம் அரசே பெண்களுக்கென்று ஒரு ரிவால்வர் செய்திருக்கிறது. 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை வெளியிட்ட ‘நிர்பீக்’. எடை அரைக் கிலோ, நகைப் பெட்டி போல ஒரு பெட்டி, வெளியானபோது விலை சுமார் 1,22,000 ரூபாய். 18,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி ஏறத்தாழ ஏழு மாதம் சாப்பிடாமல் இருந்தால் வாங்கிவிடலாம். அப்படி இருந்தால் சுடுவதற்குக் கையில் தெம்பு இருக்குமா என்பது துறை ஆராய வேண்டிய விஷயம்.

உரிமத்துக்கு, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மனு போட வேண்டும். போலீஸ் விசாரணை வரும். உயிருக்கு ஆபத்து உண்டா என்று கேட்பார்கள். அதைக் காட்டக் கையில் ஓர் எஃப்.ஐ.ஆர். இருந்தால் நல்லது. நோயாளியின் உறவினர்கள் அடித்தார்கள் என்று அதற்குப் போனால், “ஏம்மா, அவங்க வீட்ல சாவு விழுந்திருக்கு. நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்” என்பார்கள். அனுசரித்து அனுசரித்தே எங்களுக்கு இன்கிரிமென்ட் வருகிறது.

மறைத்து வைத்துக்கொள்ளும் உரிமையை ஏற்கெனவே வேறொருவர் அனுபவித்துவருகிறார் என்பதையும் பணிவோடு தெரிவிக்கிறேன். 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பட்டப்பகலில் ஒருவர் கத்தியோடு உள்ளே போய்ப் புற்றுநோய் டாக்டரைக் குத்தினார். அதற்குப் பிறகு, கூட வருகிறவர்கள் கையில் வண்ணப் பட்டை கட்டும் யோசனை வந்தது. பட்டை கையில் இருக்கும், எல்லோருக்கும் தெரியும். கத்தி இடுப்பில் இருக்கும்.

என் பாக்கெட்டில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்: நீலப் பேனா, சிவப்புப் பேனா, டார்ச், மைக்ரோபோர் டேப் சுற்றிய ஒரு கத்தரிக்கோல். அந்தக் கத்தரிக்கோலை நம்பலாமா என்றால், 2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரையில் நடந்தது ஞாபகம் வருகிறது. காயத்துக்குக் கட்டுப்போடப் போலீஸே கூட்டி வந்த ஆள், ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோலை எடுத்துத்தான் வந்தனா தாஸ் என்ற இளம் டாக்டரைக் குத்திக் கொன்றான். எங்கள் பாக்கெட்டில் துப்பாக்கி இருந்தாலும் அது முதலில் யார் கைக்குப் போகும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

சூரனை முடித்துவிட்டு வந்த முருகனே கோபம் தணிந்து உட்கார்ந்த ஊர் எங்கள் திருத்தணி. கந்த சஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் நடக்க, இங்கே புஷ்பாஞ்சலிதான். கோயிலில் நடக்காத சூரசம்ஹாரம் கேஷுவாலிட்டியில் நடக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்குத் திருப்பதி ரோட்டில் ஒரு பைக் லாரியில் மோதும். அடிபட்டவர் ஒருவர், கூட வருகிறவர்கள் ஒரு வேன். “டாக்டர் எங்க? ரத்தம் போகுது, நீ எழுதிட்டு இருக்க?” என்று ஒருவர் ரெஜிஸ்டரைப் பிடுங்குவார். அதை எழுதாவிட்டால் நாளை கோர்ட்டில் நிற்கப்போவது நான். ஆந்திரத்து நகரி, புத்தூர்ப் பக்கத்து சனம் என்றால் தெலுங்கிலும் வசவு கிடைக்கும். 1960 ஏப்ரல் 1-இல் எல்லைக்கோட்டை மாற்றித் திருத்தணியைத் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்த்தார்கள். வசவுகளுக்கு அந்தக் கோடு இன்னும் போடப்படவில்லை.

அவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. பெட் இல்லை, ஸ்கேன் நாளைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மேலே முடிவாவதை எல்லாம் கீழே சொல்கிற வாய் என்னுடையது. அடி வாய்க்குத்தானே விழும்.

மேலே பார்வையில் கண்ட சட்டம், எங்களைத் தாக்கினால் மூன்று முதல் பத்து ஆண்டு சிறை, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்கிறது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நடந்த டாக்டர் கொலைக்குப் பிறகு 2024 ஆகஸ்ட் 16 அன்று மத்திய சுகாதாரத் துறையும் ஒரு சுற்றறிக்கை விட்டது. தாக்குதல் நடந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனமே எஃப்.ஐ.ஆர். போட வைக்க வேண்டும், அது தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் கடமை என்றது. ஆறு மணி நேரம் தாராளம். எங்கள் இடத்தில் சமாதானம் பேசி முடிக்க அரை மணி போதும்.

ஆகவே என் விண்ணப்பத்தைத் தயங்காமல் தள்ளுபடி செய்யுங்கள். பதிலுக்கு ராத்திரி வார்டில் என்னோடு இன்னொரு நர்ஸைப் போடுங்கள். வாசலில் உட்காரும் செக்யூரிட்டி அண்ணன் வயதுக்குப் பாதி வயதில் ஓர் ஆளையும். அடுத்த முறை அடி விழுந்தால் புகாரில் கையெழுத்துப் போடுகிறவர் நானாக இருக்கக் கூடாது, மேலே இருப்பவராக இருக்கட்டும். நர்ஸ் ரூம் கதவுக்கு ஓர் உள்தாழ்ப்பாளும் வேண்டும். அதற்கு டெண்டர் விட வேண்டாம், பஜாரில் இரும்புக் கடையில் கிடைக்கிறது. பில்லை நானே இணைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
சிஸ்டர்