படி தாண்டாத பாட்டுக்காரி

ஒரே ஒரு ஆல்பத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்பினாரே பாடகி ஒலிவியா ரோட்ரிகோ, பாட்டு பற்றாக்குறை வரவில்லையா?

'சவர்' ஆல்பத்தின் 11 பாட்டும் சேர்ந்தே சுமார் 35 நிமிடம்தான்! மிச்சத்துக்குப் பாடகி அவ்ரில் லவீனின் 'காம்ப்ளிகேட்டட்' பாட்டும் கைகொடுத்தது. டொராண்டோவில் அந்த அவ்ரிலே மேடையேறிக் கூடப் பாடினார். கடன் வாங்கிய பாட்டுக்கு இதைவிட நல்ல ரசீது உண்டா?

ஒலிவியாவுக்கு அப்போது 19 வயது. பயணம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்புதான் கையில் மூன்று கிராமி விருது. பெரிய அரங்கமாகப் பிடித்திருக்கலாமே?

பிடித்திருந்தால் நிரம்பியிருக்கும். எந்தப் படியையும் தாண்டிப்போக விருப்பமில்லை என்று சொல்லி, 2022-ல் அவர் பெரும்பாலும் சின்ன அரங்குகளையே தேர்ந்தெடுத்தார். டொராண்டோவின் மாஸி ஹாலில் 3,000 பேர்கூட உட்கார முடியாது. டிக்கெட் கிடைக்காதவர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனாலும் கடைசி வரிசை முகம்வரை தெரிகிற இடத்தில் பாடிப் பழகுவது இளம் பாடகிக்குக் கிடைக்கிற பெரிய பயிற்சி. பெரிய அரங்கம் எங்கே ஓடிவிடும்? 2024-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நான்கு இரவு பாடினார்.