தன் கையெழுத்து, தானே சாட்சி

கேள்வி: அலுவலக சர்வருக்கு நானே சான்றிதழ் தயாரித்தேன். பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்று அலறுகிறது. எப்படி நம்ப வைப்பது?

பதில்: மாப்பிள்ளை தனக்குத் தானே நற்சான்று எழுதி வந்தால் பெண் வீட்டார் நம்புவார்களா? கம்ப்யூட்டரும் தனக்குத் தெரிந்தவர் யாராவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்றுதான் பார்க்கிறது. அந்தத் தெரிந்தவர்கள் பட்டியலில் உங்கள் சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள்.

விண்டோஸ் என்றால் கோப்பை இரட்டை க்ளிக் செய்து, 'இன்ஸ்டால்' கொடுத்து, 'டிரஸ்டட் ரூட்' பெட்டியை நீங்களே தேர்ந்தெடுங்கள். அதன் போக்கில் விட்டால் வேறு பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அலறல் நிற்காது. சர்வரின் பெயர் 'சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்' பகுதியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2017இல் வந்த 58ஆம் பதிப்பு முதல் குரோம் அங்கேதான் பெயரைத் தேடுகிறது.

சான்றிதழின் ரகசியச் சாவியை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், அலுவலகத் தோழராகவே இருந்தாலும். லெனோவோ மடிக்கணினிகளில் வந்த சூப்பர்ஃபிஷ் மென்பொருள், எல்லாவற்றிலும் ஒரே சாவியுடன் தன் ரூட் சான்றிதழைப் பதித்திருந்தது. 2015இல் அந்தச் சாவி அம்பலமானதும், அந்தக் கணினிகளிடம் எவரும் வங்கித் தளமாக வேடம் போடலாம் என்ற நிலை வந்துவிட்டது.